மூன்றாவது மூச்சு

அன்று காலை ரூபிகாவுக்கு நாரி நோகவில்லை. பயம் அங்கேதான் தொடங்கியது.

எட்டு மாதமாக அவள் கண் விழிக்கும் முன்பே வலி விழித்துவிடும். இடுப்புக்குச் சற்று மேலே, முள்ளந்தண்டில், ஒரு பெருவிரல் அளவு இடம். அங்கே இரவு முழுக்க யாரோ திருகாணி முறுக்கிக்கொண்டிருந்தது போல இருக்கும். எழும்புவதற்கென்று அவள் ஒரு முறையே வைத்திருந்தாள். முதலில் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து மடக்க வேண்டும். பிறகு உடம்பை ஒரே பலகையாக வலப்பக்கம் உருட்ட வேண்டும். அப்போது கட்டில் ஒருமுறை முனகும். பிறகு ஜன்னல் கம்பியைத் தேடிப் பிடித்து, வாயால் மூன்று மூச்சு. மூன்றாவது மூச்சில் ஒரே இழுப்பு. கடற்காற்றில் துருப்பிடித்த அந்தக் கம்பி மேல்மூட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். எட்டு மாதம் அவள் கை பிடித்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது.

அன்று அவள் எதையும் மடக்கவில்லை, உருட்டவில்லை. வெள்ளவத்தைக் கடலோரப் பாதையில் முதல் ரயில் போகிற சத்தத்துக்குக் கண் விழித்தாள். அடுத்த கணம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளை எழும்புவது போல. கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். தோல், அதன் கீழே எலும்பு. வேறொன்றும் இல்லை. நாலாம் மாடி ஜன்னல் வழியாக உப்பும் தார் மணமும் கலந்த காற்று வந்தது. ரயில் தெகிவளைப் பக்கம் போய்த் தேய்ந்து மறைந்தது.

அந்த அமைதியில் அடுத்த கட்டிலில் இருந்து சத்தம் வந்தது.

இரண்டு முழங்கால்கள் போர்வைக்குள் மடங்கும் சத்தம். உடம்பு உருளும் சத்தம். கட்டில் ஒருமுறை முனகியது. பிறகு கம்பியில் விரல்கள். வாயால் ஒரு மூச்சு. இன்னொன்று. மூன்றாவது.

டக்.

அரையிருளில் தங்கை மிதுஷா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தின இரவுதான் காற்று வேண்டும் என்று சொல்லிக் கட்டிலை மாற்றிக்கொண்டவள். அவளுடைய கை, பெயின்ட் தேய்ந்த அதே இடத்தில் இருந்தது.

“என்னடி செய்யுது?” என்றாள் ரூபிகா.

“ஒண்டுமில்லை அக்கா. கொஞ்சம் விறைப்பு.”

எட்டு மாதமாக ரூபிகா சொல்லி வந்த பதில் அது. ஒரு சொல் பிசகவில்லை.

*

ரூபிகாவுக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் ஒருத்திக்கு நாரி நோகிறது என்றால் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது. காலி வீதிப் புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்பதால் என்றாள் முதலாளியம்மா. நின்றதால் என்றால் கால் தான் நோக வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு கோணலாகப் படுப்பதால் என்றாள் கீழ்வீட்டு அன்ரி. மெத்தை பள்ளம், சூடு, பஸ் குலுக்கல், வெயில் படாத உடம்பு. மிதுஷா மட்டும் காரணம் சொல்லவில்லை, பகிடி பண்ணினாள். தன் கட்டிலில் படுத்தபடியே அக்காவின் மூச்சை எண்ணுவாள். “ஒண்டு… ரெண்டு… மூண்டு… இந்தா, கிழவி எழும்பீட்டா. கனடாவில மாப்பிள்ளை பொல்லை ஊண்டிக்கொண்டு வந்து நிக்கப் போறான், ரெண்டு பேருக்கும் சரி.”

மாப்பிள்ளை தேனுஜன். பதிவுத் திருமணம் முடிந்து மூன்று வருடம். ரூபிகா கொழும்பில், அவன் டொரண்டோவில், நடுவில் விசா. ஊரில் காணியை விற்றுவிட்டு வெள்ளவத்தையில் வாடகை வீடு எடுத்து, தாயும் இரண்டு மகள்மாரும் காத்துக்கொண்டிருந்ததே அந்த ஒரு கடதாசிக்காகத்தான்.

பாமன்கடையில் டொக்டர் மக்கீனிடம் ஒருநாள் ரூபிகா தனியாகப் போனாள். வயதான மனிதர், மருந்து எழுதுவதற்கு முன் கேள்வி கேட்கிற பழைய வகை.

“காலைல எழும்பக்குள்ள விறைக்குதா, புள்ள?”

“ஓம்.”

“பின்னேரத்தில காய்ச்சல் குணம் ஈக்குதா? வேர்க்குதா?”

“சில நாள்.”

“உடுப்பு தொளதொளக்குதா? மெலிஞ்சிட்டீங்களா?”

அவள் தன் சட்டைக் கையைப் பார்த்தாள். “ஓம்.”

“கால் விரல் மரக்குதா? சலம், மூத்திரம் போறது தெரியுதா?”

“அதெல்லாம் இல்லை டொக்டர்.”

“நல்லம். அந்த ரெண்டும் வந்தா அண்டைக்கே ஓடி வரோணும்.” கடைசியாக அவர் எழுந்து வந்து, அவள் முதுகில் மேலிருந்து கீழே ஒவ்வொரு முள்ளாக விரலால் தட்டிக்கொண்டு வந்தார். பெருவிரல் இடத்தில் தட்டியபோது அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “இங்க வெளிய முட்டு மாதிரித் தள்ளிக்கொண்டு நிண்டாலும் சொல்லோணும். இந்த வயசில நூறு பேருக்கு நாரி நொந்தா தொண்ணூறு பேருக்கு மேல சும்மா சதைப் பிடிப்பு, தானாப் போயிரும். சிலருக்கு டிஸ்க். சிலருக்கு மூட்டு தானே வீங்குற வருத்தம், அது வாலிபத்திலதான் தொடங்கும். இன்னும் சிலருக்கு எலும்புக்குள்ள கிருமி. சயரோகக் கிருமி, அதான் டீபி, நெஞ்சில மட்டும்தான் ஈக்கும் எண்டு இல்ல. எது எண்டாலும் மருந்து ஈக்குது. படம் எடுத்துப் பாக்காம சொல்லேலாது.”

களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். அதை வாசித்த அம்மாவின் கண் ஒரே ஒரு சொல்லில் நின்றது.

“சயரோகமோ? உனக்கென்ன விசரே? அடுத்த கிழமை விசாவுக்கு மெடிக்கல். அங்கயும் நெஞ்சைப் படம் எடுப்பாங்கள். என்னத்தைக் கண்டு எதை எழுதுவாங்களோ. மூண்டு வருசம், ரூபி.” கடிதம் நாலாக மடிந்து சாமித் தட்டில் குங்குமச் சிமிழுக்குக் கீழே போனது. “போய் இறங்கினாப் பிறகு அங்க பாக்கலாம். அங்க இல்லாத டொக்டரே?”

அக்காவின் பெயரில் தங்கையை மெடிக்கலுக்கு அனுப்புகிற யோசனை யாருடையது என்று பிறகு மூவருக்குமே நினைவில்லை. மிதுஷா மணப்பெண் அலங்காரம் செய்கிற பார்லரில் வேலை செய்தாள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. இருபது நிமிடம் கண்ணாடி முன் இருந்துவிட்டு அவள் திரும்பியபோது அம்மா கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கடைசி வேலையாக, ரூபிகாவின் தாடையில் இடப்பக்கம் இருக்கிற மச்சத்தைப் புருவப் பென்சிலால் தன் தாடையில் வைத்திருந்தாள்.

அன்று பின்னேரம் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். “வாசலில ஒரு தரம், கவுண்டரில ஒரு தரம், படம் எடுக்கிற அறையில ஒரு தரம். மூண்டு தரம் பேர் கேட்டவங்கள். மூண்டு தரமும் நான் ரூபிகா எண்டு சொன்னனான். கையெழுத்தும் வச்சனான். ஒருத்தருக்கும் ஐமிச்சம் இல்லை.”

“உடுப்பை மாத்திப்போட்டு வந்து சாப்பிடு,” என்றாள் அம்மா.

மிதுஷா போகவில்லை. “அந்த அறை நல்ல குளிர். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாங்கள். பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க நாரியில ஆரோ விரல் வச்ச மாதிரி இருந்தது, அக்கா. திரும்பிப் பாத்தன். ஒருத்தரும் இல்லை.”

அது நடந்து பன்னிரண்டாம் நாள் காலையில்தான் ரூபிகாவுக்கு நாரி நோகவில்லை.

*

வலி போனதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் உடம்பு சொல்லிக்கொண்டிருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். தரையில் குந்தியிருந்து மீன் வெட்டினாள். பசித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு சட்டை தோளில் ஒழுங்காக நின்றது. அந்தச் சந்தோசத்துக்குள் அவள் காது மட்டும் வேறு வேலை பார்த்தது.

ஏனென்றால் டொக்டர் மக்கீனின் கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பதில் அடுத்த கட்டிலில் இருந்தது.

காலையில் விறைக்குதா? முழங்கால், கட்டில், கம்பி, மூன்று மூச்சு, டக். நாள் தவறாமல்.

பின்னேரத்தில் காய்ச்சல்? ஐந்து மணிக்குப் பார்லரில் இருந்து வந்து படுக்கிறவளின் தலையணையில் ஈரவட்டம். ரூபிகாவின் பழைய தலையணையில் இருந்த அதே புளித்த மணம்.

மெலிஞ்சிட்டீங்களா? மிதுஷாவின் வளையல்கள் முழங்கை வரை வழுகின.

பகிடி நின்றுவிட்டது. வீட்டில் மூச்சை எண்ண ஆள் இல்லாமல் போனது. இல்லை, எண்ணுகிறவள் மாறியிருந்தாள். ரூபிகா கண்ணை மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, தன்னை அறியாமலே எண்ணினாள். ஒண்டு. ரெண்டு. மூண்டு.

ஒரு நாள் காலை குளியலறையில் இருவரும் ஒரே கண்ணாடி முன் நின்றபோதுதான் அந்த மச்சத்தைப் பார்த்தாள். மிதுஷா சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நுரை வழிந்தது. மச்சம் வழியவில்லை.

“என்னடி, இன்னும் அதைக் கீறிக்கொண்டு திரியிறாய்?”

“நான் கீறேல்லை,” என்றாள் மிதுஷா. நகத்தால் சுரண்டிக் காட்டினாள். தோல் சிவந்தது. மச்சம் அப்படியே இருந்தது. “அண்டைக்குப் பிறகு போகுதில்லை, அக்கா. தேங்காயெண்ணெய், மேக்கப் எடுக்கிற சாமான், எல்லாம் போட்டுப் பாத்திட்டன்.”

விசா வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் அன்றுதான். அம்மா சாமித் தட்டுக்கு முன் விழுந்து கும்பிட்டாள். இன்னும் இருபது நாளில் விமானம். மச்சத்தைப் பற்றிக் கதைக்க யாருக்கும் நேரம் இல்லை.

*

ஒன்பது நாள் போயிற்று. பின்னேரம் ஆறு மணி. நுளம்பு வருகிற நேரம். கட்டிலடியில் நுளம்புச்சுருள் கொளுத்தி வைத்திருந்தது. ரூபிகா சூட்கேசில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். புகை மணத்தோடு இன்னொரு மணம் வந்தது. முதலில் அடுப்பில் கருவாடு கருகுகிறது என்று நினைத்தாள். குசினியில் அடுப்பு எரியவில்லை.

மிதுஷா கட்டிலோரம் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது பாதம் சுருளின் மேல் இருந்தது. எரிகிற நுனியின் மேல்.

“மிது!”

அவள் குனிந்து பார்த்தாள். பாதம் தானாக எழும்பவில்லை, கையால்தான் காலைத் தூக்கி எடுத்தாள். பெருவிரலுக்குக் கீழே தோல் வெள்ளையாகப் பொங்கியிருந்தது.

“சுடுகுதா?”

“தெரியேல்லை,” என்றாள் மிதுஷா. “நேற்றில இருந்து அந்தக் கால் என்ர கால் மாதிரியே இல்லை.”

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ரூபிகா தங்கையைத் தோளில் சாய்த்துப் படியிறக்கி, ஓட்டோவில் ஏற்றிப் பாமன்கடைக்குக் கொண்டுபோனாள். நாலு மாடியும் மிதுஷாவின் பாரம் அவள் மேல் இருந்தது. நாரி ஒரு பொட்டும் முணுமுணுக்கவில்லை.

டொக்டர் மக்கீன் மிதுஷாவின் முகத்தைப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். பெட்டியில் இருந்து ஓர் அட்டையை உருவினார்.

“ரூபிகா. ஓம், ஞாபகம் ஈக்குது. கடிதம் தந்தனே புள்ள, போகல்லயா?”

மிதுஷா அக்காவைப் பார்த்தாள். டொக்டரும் திரும்பினார்.

“நீங்க தங்கச்சியா?”

இல்லை என்று ஒரு சொல். ரூபிகாவின் வாய் அதற்காகத் திறந்துவிட்டது. நான்தான் ரூபிகா, இது தங்கச்சி, இவளுக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை, எல்லாம் என்னுடையது. சொல் தொண்டைக்கு வந்தபோது முதுகில், பெருவிரல் இடத்தில், ஒரு விரல் பட்டது. குளிர்ந்த விரல். அழுத்தவில்லை. சும்மா தொட்டுக்கொண்டு நின்றது, பதிலுக்காகக் காத்திருப்பது போல.

“ஓம் டொக்டர்,” என்றாள் ரூபிகா. “நான் தங்கச்சி.”

விரல் போய்விட்டது.

அவர் மிதுஷாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கடிதம் எழுதத் தொடங்கினார். எழுதும் கை வேகமாகப் போனது. “இண்டைக்கே. இப்பவே. களுபோவிலைக்கு நேராப் போங்க. நாளைக்கு எண்டு வைக்க வேணாம். இப்ப போனாக் காலைக் காப்பாத்தலாம். விட்டா, பிறகு நடக்கிறது கஷ்டம்.”

ஓட்டோவில் ஏறியதும் அம்மாவின் அழைப்பு. ரூபிகா எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அம்மா தணிந்த குரலில் சொன்னாள். “சயரோகம் எண்டு எழுதினா சுகாதாரக்காரர் வீட்டுக்கு வருவினம். வீட்டில இருக்கிற எல்லாரையும் சோதிப்பினம். உன்னையும். உன்ர விசா? பதினொரு நாள் தானே. நீ ஏறின உடன நான் அவளைக் கூட்டிக்கொண்டு போறன். அவளும் என்ர பிள்ளை தானே? எனக்கு அக்கறை இல்லையே? வீட்டுக்கு வா.”

“கொஹெத மிஸ்?” என்று சாரதி கேட்டான். எங்கே போக வேண்டும் என்று. சந்தி வந்துவிட்டது. இடப்பக்கம் ஆஸ்பத்திரி, நேரே வீடு.

அம்மா சொன்னாள் என்று ரூபிகா பிறகு எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சந்தியில் அம்மா இருக்கவில்லை. போன் வைத்தாயிற்று. வாய் அவளுடையது.

“வெள்ளவத்தை,” என்றாள்.

ஓட்டோ நேரே போனது. மிதுஷா கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். “அக்கா, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.”

“பதினொரு நாள் தான், மிது. நான் பிளேனில ஏறின உடன அம்மா உன்னைக் கொண்டுபோய்க் காட்டுவா.”

மிதுஷா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கடைச் சந்து வெளிச்சங்கள் அவள் முகத்தில் விழுந்து விழுந்து போயின. தாடையில் அந்தக் கறுப்புப் புள்ளி.

“ஆர் ஏறின உடன?” என்றாள்.

*

அடுத்த நாள் மதியம் குசினியில் இருந்து அம்மா கூப்பிட்டாள். “மிது, கொக்காவுக்குச் சோறு கொண்டுபோய்க் குடு.”

ரூபிகா சோற்றுக் கோப்பையை வாங்கினாள். கொக்கா என்றால் அக்கா; அம்மா கூப்பிட்டது தங்கையின் பெயரை. தாய்மாருக்குப் பெயர் மாறுவது புதினம் இல்லை. அன்று மட்டும் நாலு தரம் மாறியது. மறுநாள் ஒரு தரம்கூடச் சரியாக வரவில்லை.

“அம்மா, நான் ரூபி.”

அம்மா சிரித்தாள். “போடி, உன்ர பகிடியும் நீயும். கொக்காவின்ர சூட்கேசை நிறுத்துப் பார்.”

பின்னேரம் தேனுஜன் வீடியோவில் வந்தான். அங்கே காலை. அம்மா போனை நேரே ஜன்னலோரக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். ரூபிகா பின்னால் நின்றாள்.

“ரூபி, ஏன் படுத்திருக்கிறீர்? களைப்பே?”

“நாரி நோகுது,” என்றது கட்டிலில் இருந்த குரல்.

“உமக்கு எப்பவும் நாரி தான். இங்க நல்ல மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறன், வாரும்.” அவன் கண் திரையின் ஓரத்துக்கு வந்தது. “பின்னால நிக்கிறது மிதுவே? என்ன முழுசிறீர்? கொக்கா முதல்ல வரட்டும், உமக்கும் ஒருத்தனைப் பிடிப்பம்.”

மூன்று வருடம். எத்தனை பின்னேரம் அந்த முகத்தோடு கதைத்திருப்பாள். ரூபிகா ஓர் அடி முன்னால் வைத்தாள். நான் தான், என்று தொடங்க.

விரல் வந்தது. இந்தத் தரம் சும்மா தொடவில்லை.

அவள் பின்வாங்கினாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி முகத்தில் தண்ணீர் அடித்தாள். துவாயால் துடைத்தாள். வெள்ளைத் துவாயில் ஒரு கறுப்புக் கோடு. புருவப் பென்சில் கோடு மாதிரி. கண்ணாடியில் தாடை வெறுமையாக இருந்தது.

அதன்பிறகு அவள் நாள் எண்ணினாள். வேறென்ன செய்வது? எட்டு. ஏழு. ஒவ்வொரு காலையும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டாள். முழங்கால் மடங்க நேரம் எடுத்தது. உருளுவதற்கு இன்னும் நேரம் எடுத்தது. ஐந்தாம் நாள் விரிப்பில் சலம் நாறியது. அம்மா விரிப்பை மாற்றினாள். பயணப் பதகளிப்பு என்றாள். தங்கைக்கு உடுப்பு மாற்றும்போது முதுகைப் பார்க்கக் கூடாது என்று ரூபிகா கண்ணை மூடிக்கொண்டாள். கை பட்டுவிட்டது. துணிக்குக் கீழே, பெருவிரல் இடத்தில், ஒரு முட்டு. கோழிமுட்டை அளவு. சூடாக.

சொல்லலாம். எந்த நேரமும் சொல்லலாம். நான் ரூபிகா என்று மூன்று தரம் சொன்னால் போதுமோ என்னவோ. பெயர் திரும்பி வரும். அதோடு சேர்ந்து கால் போகும். அவள் தன் நல்ல கால்களைப் பார்த்தாள். இரண்டிரண்டாகப் படி ஏறுகிற கால்கள்.

நாளைக்குச் சொல்லுவம், என்று நினைத்தாள்.

*

கடைசி நாள் பின்னேரம் வேன் கீழே வந்து நின்றது. கடலுக்கு மேல் வானம் காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. சூட்கேஸ்களைச் சாரதி இறக்கிவிட்டான். அம்மா கைப்பையில் கடவுச்சீட்டைப் பத்தாவது தரம் பார்த்தாள்.

“மிது, கொக்காவை எழுப்பு. நேரமாகுது.”

அறைக்குள் லைட் போடவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் புதிய சுடிதார் போட்டு, தலை வாரி, பொட்டு வைத்து அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ரூபிகா வாசலில் நின்றாள்.

முழங்கால்கள். மெல்ல மெல்ல.

உருளல். கட்டில் முனகியது.

கை. கம்பி.

ஒரு மூச்சு.

இரண்டு.

“அக்கா.”

ரூபிகா அசையவில்லை. பத்து நாளாக இந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கம்பியைப் பிடித்திருந்தவள் தலையை மட்டும் திருப்பியிருந்தாள். முகம் ரூபிகாவின் கடவுச்சீட்டுப் படத்தில் இருந்த முகம். கண்கள் மிதுஷாவின் கண்கள்.

“அக்கா, நீ ஒருக்காச் சொல்லு. எனக்குச் சொல்ல ஏலாமல் கிடக்கு. வாயைத் திறந்தா அந்தப் பேர் தான் வருது. நீ சொன்னா விடும். கெதியாச் சொல்லு.”

அம்மா பின்னால் வந்து நின்றாள். “என்ன மினக்கெடுறியள்?”

“அம்மா,” என்றாள் ரூபிகா. “நான் தான்…”

விரல் இல்லை. கை. ஐந்து விரலும் விரிந்த ஒரு கை, எலும்பைச் சுற்றிப் பிடித்தது. எட்டு மாத வலியும் ஒரே மூச்சில் வந்தது. பாதத்தின் கீழ் தரை இல்லாமல் போனது. விரல்கள் மரத்தன. கணுக்கால் மரத்தது. முழங்காலை நோக்கி ஏறியது.

“நீதான் என்ன?” என்றாள் அம்மா.

கட்டிலில் இருந்த கண்கள் அவளை விடவில்லை.

“ஒண்டுமில்லை,” என்றாள் ரூபிகா.

கை விட்டது. தரை திரும்பி வந்தது. முழங்கால், கணுக்கால், விரல். எல்லாம் அவளுடையவை. எல்லாம் சுகம்.

கட்டிலில் அந்தக் கண்கள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு அவற்றில் இருந்து மிதுஷா போய்விட்டாள். எங்கே போனாள் என்று தெரியவில்லை. போனது தெரிந்தது.

மூன்றாவது மூச்சு.

டக்.

அது எழும்பியது. நிமிரவில்லை. இடுப்பில் மடிந்தபடியே, தலை முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு காலை வைத்து மற்றக் காலை இழுத்தது. அம்மா அதன் கழுத்தில் சங்கிலியைச் சரிசெய்துவிட்டு, கையில் கைப்பையைக் கொழுவினாள். “பாத்து வா, ரூபி. கன நேரம் இருந்து போற பயணம்,” என்றாள் அன்பாக. அவள் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

படியில் இறங்கும் சத்தம். வைப்பு. இழுப்பு. வைப்பு. இழுப்பு. அம்மா முன்னால் போய்விட்டாள். அவளுடைய செருப்பு வேகமாகக் கீழே கீழே போனது. ரூபிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள். எவ்வளவு நேராக நிற்க முடியுமோ அவ்வளவு நேராக.

“மிது,” அம்மாவின் குரல் கீழிருந்து சுற்றிச் சுற்றி ஏறி வந்தது. “கதவைப் பூட்டிக்கொள்.”

“ஓம் அம்மா,” என்றாள்.

படியின் திருப்பத்தில் இழுப்புச் சத்தம் நின்றது.

எட்டிப் பார்த்தாள். மங்கிய பல்பின் கீழே, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அது மடிந்து நின்றது. முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. தோள் அசையவில்லை. விலா அசையவில்லை. சுடிதார்த் துணிக்குக் கீழே, பெருவிரல் இடத்தில், அந்த முட்டு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

ஒன்று.

இரண்டு.